டிரம், ஃபைஃப், பியூகிள்: பழைய போர்க்கள இசையை முதலிலிருந்து பழகுவது எப்படி?

துப்பாக்கிகள் முழங்கும் இடத்தில் தளபதி எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அதனால் அவருக்காக டிரம் பேசியது. அமெரிக்கப் புரட்சிப் படைக்காக அதன் பயிற்சி அதிகாரி வான் ஸ்டூபன் 1779-இல் எழுதிய விதிநூலில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொருள் இருக்கிறது. 'ஜெனரல்' அடித்தால் கூடாரத்தைப் பிரித்துப் புறப்படத் தயாராக வேண்டும். 'அசெம்ப்ளி' என்றால் கொடியருகே கூட வேண்டும். 'பார்லி' என்றால் எதிரியோடு பேச விரும்புகிறோம் என்று அர்த்தம். அதிகாலையில் 'ரெவெலி', இரவில் கூடாரத்துக்குத் திரும்ப 'டாட்டூ'.

இந்த இசையைப் பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீங்கள் வாசிப்பது ஒரு கட்டளை. கேட்கிறவருக்குச் சந்தேகம் வரக்கூடாது. வேகம் பிறகு வரும், தெளிவு முதல் நாளிலிருந்தே வேண்டும். அமெரிக்கப் புரட்சி, உள்நாட்டுப் போர் கால முறையை வைத்து இங்கே சொல்கிறேன்.

முதல் படி: டிரம், ஆனால் டிரம் இல்லாமல்

டிரம் வாங்க அவசரப்படாதீர்கள். அடித்துப் பழக ஒரு ரப்பர் பலகை (பிராக்டிஸ் பேட்), கனமான ஒரு ஜோடி குச்சி, சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி. முதல் மூன்று மாதத்துக்கு இவை போதும். பழைய படை டிரம்கள் தோல் போர்த்தி, கயிற்றால் இழுத்துக் கட்டியவை. கயிற்றில் கோத்த சிறு தோல்பட்டைகளை ('காதுகள்') கீழே இழுத்தால் டிரம்மின் தோல் இறுகும். மழைக்காற்று அடித்தால் தளர்ந்துவிடும். அதைப் பராமரிப்பது தனிக் கலை, இப்போதைக்கு அது வேண்டாம்.

குச்சி பிடிக்கும் முறையில் வலது கையும் இடது கையும் வேறு வேறு. வலது கையில் சுத்தியலைப் பிடிப்பதுபோல மேலிருந்து பிடியுங்கள். இடது கையில் உள்ளங்கை பக்கவாட்டில் திரும்பியிருக்க, கட்டைவிரல் இடுக்கில் குச்சியை வைத்து, மோதிரவிரல்மேல் தாங்குங்கள். தோளில் வாரைப் போட்டுத் தொங்கவிட்ட டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வுக்காக வந்த பிடி இது. முதல் வாரம் இடது கை சொன்னபடி கேட்காது, எல்லோருக்கும் அப்படித்தான்.

சரி, இப்போது முதல் பாடம்: நீள் உருட்டு. வலது வலது, இடது இடது. பழைய ஆசிரியர்கள் இதை 'டாடி மம்மி' என்று வாயால் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். மிருதங்க வகுப்பில் சொற்கட்டை வாயில் ஏற்றிவிட்டுக் கைக்குக் கொண்டுவருவோமே, அதே வழி. நீங்களும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மிக மெதுவாகத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏற்றி, ஒரே உறுமலாகச் சேர்ந்ததும், அதே நிதானத்தில் மறுபடி மெதுவாக இறங்குங்கள். இரண்டாவது அடி முதல் அடியைவிட மெலிந்தால் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். பலர் ஏறும்போது கவனமாக இருந்துவிட்டு இறங்கும்போது சரிவார்கள். இறங்குவதுதான் கடினம், அதற்கே அதிக நேரம் கொடுங்கள்.

அடுத்து மூன்று பாடங்கள்:

ஐந்தடி உருட்டு: வலது வலது இடது இடது வலது. கடைசி அடியில் அழுத்தம்.

ஃபிளாம்: ஒரு குச்சி தாழ்விலிருந்து மெதுவாகத் தொட, மற்றது உயரத்திலிருந்து உடனே பலமாக விழ வேண்டும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் அது ஃபிளாம் இல்லை.

பாரடிடில்: வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது.

வான் ஸ்டூபனின் விதிப்படி சாதாரண நடை நிமிடத்துக்குச் சுமார் 75 காலடி, விரைவு நடை 120. மெட்ரோனோமை 75-இல் வைத்து, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதித்துக்கொண்டு அடித்துப் பாருங்கள். 120-க்கு ஒரு மாதம் கழித்துப் போகலாம்.

இரண்டாம் படி: ஃபைஃப்

ஆறு துளை உள்ள சிறிய குறுக்குக் குழல். புல்லாங்குழல் வாசித்தவர்களுக்குப் பிடி பழக்கமானதாக இருக்கும், காற்றுதான் வேறு. இதன் கீழ் ஸ்தாயி பலவீனமானது. படை மெட்டுகள் பெரும்பாலும் மேலே உள்ள ஸ்தாயிகளில்தான் இருக்கும், அந்தக் கீச்சுக்குரல்தான் தூரத்துக்குப் போகும். துளைகளைத் திறந்துவைத்து, உதட்டைச் சற்று இறுக்கி, வாய்த்துளையின் எதிர் விளிம்பில் மெல்லிய காற்றுக்கோடு படும்படி ஊதுங்கள். ஒலி நிலைத்த பிறகு இடது கையின் மூன்று விரல்களை ஒவ்வொன்றாக மூடுங்கள், அப்புறம் வலது கை. தலை சுற்றினால் உட்காருங்கள். ஆரம்பத்தில் ஐந்து நிமிடத்துக்குமேல் தொடர்ந்து ஊத வேண்டாம்.

மூன்றாம் படி: பியூகிள்

இது பித்தளை ஊதுகொம்பு. சுரத்தை மாற்ற அழுத்தும் வால்வு இதற்குக் கிடையாது. எல்லாவற்றையும் உதடும் காற்றும்தான் செய்ய வேண்டும். கிடைக்கும் சுரங்களில் அழைப்புகளுக்குப் பயன்படுபவை ஐந்து: கீழ் ஸ, ப, நடு ஸ, க, மேல் ப. முதலில் வாய்முனையை மட்டும் கழற்றி, உதடுகளைச் சேர்த்து 'ப்ர்ர்' என்று அதிரவிடுங்கள். பிறகு கருவியில் பொருத்தி கீழுள்ள ப-வைப் பிடியுங்கள். கன்னம் உப்பக்கூடாது, வாய்முனையை உதட்டில் அழுத்தி மேலே ஏற முயலவும் கூடாது.

முதல் அழைப்பாக 'டாப்ஸ்' எடுத்துக்கொள்ளுங்கள். 1862 ஜூலையில், வர்ஜீனியாவின் ஹாரிசன்ஸ் லேண்டிங் முகாமில், டேனியல் பட்டர்ஃபீல்டு என்ற தளபதி பழைய அழைப்பொன்றைத் திருத்தி உருவாக்கியது. முதலில் ஊதியவர் அவருடைய பியூகிள்காரர் ஆலிவர் நார்ட்டன். அக்கம்பக்கத்துப் படைப்பிரிவுகளின் பியூகிள்காரர்கள் வந்து பிரதி கேட்டதாக நார்ட்டன் பின்னாளில் எழுதினார். மொத்தம் 24 சுரங்கள், நான்கே ஒலிகள்:

ப ப ஸ / ப ஸ க / ப ஸ க, ப ஸ க, ப ஸ க / ஸ க ப / க ஸ ப / ப ப ஸ

'ஸ க ப'வில் வரும் ப மட்டும் மேலே, மற்ற ப எல்லாம் கீழே. ஒவ்வொரு மூன்றிலும் கடைசிச் சுரத்தை நீட்டுங்கள். முதலில் பாடிப் பழகி, அப்புறம் ஊதுங்கள். விளக்கணைக்கச் சொல்லும் அழைப்பாகப் பிறந்தது, இன்று இறந்த வீரர்களின் அடக்கத்தில் ஒலிக்கிறது. எனக்கு அதைக் கேட்கும்போது இன்னும் தொண்டை அடைக்கும். அதனால் கேலிக்காக ஊதாதீர்கள்.

கைகூடியவர்களின் வாசிப்பைக் கேட்க, அமெரிக்க ராணுவத்தின் 'ஓல்டு கார்டு' ஃபைஃப், டிரம் குழுவின் காணொளிகளைப் பாருங்கள். அவர்களின் சிவப்பு அங்கி ஏன் என்று யோசிப்பீர்கள். வாஷிங்டனின் படைவீரர்கள் நீலத்தில் சிவப்பு விளிம்பு அணிந்தபோது இசைஞர்கள் நிறத்தை மாற்றி அணிந்தார்கள். புகைக்கு நடுவே தளபதி தன் டிரம்காரரைச் சட்டென்று கண்டுபிடிக்க அது உதவியது.

பழைய போர்களை நடித்துக் காட்டும் வரலாற்று முகாம்களுக்குப் போகும் வாய்ப்பு வந்தால், அழைப்புகளை அங்கே சத்தமாகப் பழகாதீர்கள். நீங்கள் பயிற்சிக்காக 'அசெம்ப்ளி' அடிக்க, நாலு பேர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் வந்து நிற்பார்கள். பேடும் குச்சியும் எடுத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்காருங்கள்.