மூன்று தலைமுறையினருக்கும் ஒரே வாட்ஸ்அப் குழு: அமைப்பதும் நடத்துவதும்

70 வயதுத் தாத்தா, 45 வயது மகள், 16 வயதுப் பேரன் ஆகிய மூவரும் இருக்கும் குடும்பக் குழு இன்று பெரும்பாலான வீடுகளில் உண்டு. தாத்தா நாள்தோறும் காலை வணக்கப் படம் அனுப்புவார். மகள் அதைத் திறக்காமலே நீக்குவார். பேரனோ குழுவின் ஒலியை அணைத்துவிட்டு இன்ஸ்டாகிராமில் நண்பர்களுடன் இருப்பான். எண்களைச் சேர்த்துவிட்டாலே குழு தானாக நடக்கும் என்று விட்டுவிடும் வீடுகளில் இந்த நிலை விரைவில் வந்துவிடுகிறது.

வேலையை வீட்டின் மூத்தவருடைய கைப்பேசியில் தொடங்குங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள். திரையில் தோன்றும் மொழியைத் தமிழாக்குவதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. ‘செட்டிங்ஸ்’ என்றே பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகியவர், ‘அமைப்புகள்’ என்னும் சொல்லைக் கண்டு தடுமாறுவதும் உண்டு. தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைக்காதவருக்குக் குரலே எளிய வழி. ஆனால் திரையில் இரண்டு மைக் படங்கள் இருப்பதை முதலிலேயே விளக்கிவிட வேண்டும்: விசைப்பலகையில் இருப்பது பேச்சை எழுத்தாக்கும், செய்திப் பெட்டியின் அருகில் இருப்பதை அழுத்திப் பிடித்துப் பேசி விரலை எடுத்தால் குரல் அப்படியே போய்விடும். கற்றுக்கொடுக்கும்போது கைப்பேசியை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். “இங்கே கொடுங்கள், நானே செய்கிறேன்” என்று நாம் பொறுமையிழக்கும் அந்த இடத்தோடு அவருடைய பயிற்சியும் நின்றுபோகும்.

அடுத்தது பாதுகாப்பு, இதில் அவசரம் கூடாது. அவரைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்னும் அமைப்பில், தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். புதிய கைப்பேசியில் கணக்கைத் திறக்க ஓடிபியோடு இன்னொரு ரகசிய எண்ணையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, அந்த 6 இலக்க ரகசிய எண்ணை (PIN) அவரே தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். ஓடிபி எண்ணை மகன் கேட்டாலும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது, நேரில் பேசி உறுதிசெய்த பிறகே எதுவும் என்பதை வீட்டு வழக்கமாகவே ஆக்கிவிடுங்கள். காவல்துறை அதிகாரி போல வீடியோ அழைப்பில் தோன்றி ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டும் மோசடி முதியவர்களையே அதிகம் குறிவைக்கிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். திட்டு விழுமோ என்ற அச்சத்தில் பெரியவர்கள் இரண்டு நாள் மறைத்துவைப்பதால்தான் பணத்தை முடக்கும் வாய்ப்பு நழுவிப்போகிறது. ஆகவே திட்ட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

குடும்பக் குழுக்களில் மனக்கசப்பை விளைவிப்பவை பெரும்பாலும் ஃபார்வர்டு செய்திகளே. 2018இல் இந்தியாவில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. பலமுறை கைமாறிய செய்தியை 2020 முதல் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. அத்தகைய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதைப் பெரியவருக்குக் காட்டி, இரட்டை அம்பு தென்பட்டால் பேத்தியிடம் கேட்ட பிறகே அனுப்புவது என்று பேசிவையுங்கள். தவறான மருத்துவக் குறிப்பு ஒன்றை அவர் அனுப்பிவிட்டால், இருபது பேர் பார்க்கும் குழுவில் “இது பொய்” என்று பதிலிடாமல் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்; அவரே அதை நீக்கிவிடுவார். காலை வணக்கப் படங்களுக்குத் தடை விதிக்க வேண்டியதில்லை. தனியாக இருக்கும் பெரியவர் நலமாக எழுந்துவிட்டார் என்பதற்கு அதைவிட எளிய அறிகுறி ஏது? படங்கள் தாமாகப் பதிவிறங்குவதை நிறுத்திவைத்தால் கைப்பேசியின் நினைவகமும் நிறையாது.

இளையவர்களைத் தக்கவைக்க வேறொரு கட்டுப்பாடு தேவை. அது பெரியவர்களுக்கு உரியது. பேத்தியின் மதிப்பெண்ணையும் படத்தையும் அவளிடம் கேட்காமல் குழுவில் போடக் கூடாது. அவளுடைய இன்ஸ்டாகிராம் பதிவுக்குக் கீழே அத்தை எழுதும் அறிவுரையைத் தோழிகளும் படிப்பார்கள் என்பதை அத்தைக்கு யாராவது மென்மையாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் குறைந்தபட்ச வயது 13 என்பதால், அதற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெற்றோரின் கைப்பேசி வழியாகவே பேசட்டும்.

அட்மின்களாக இருவரை வையுங்கள், அவர்களில் ஒருவர் 25 வயதுக்கு உட்பட்டவராக இருக்கட்டும். மூத்தவரின் எண் மாறும்போது, புதிய கணக்கு தொடங்காமல் ‘எண்ணை மாற்று’ என்னும் வசதியைப் பயன்படுத்தும் பொறுப்பை அந்த இளையவரிடமே ஒப்படையுங்கள். அப்படிச் செய்தால் எந்தக் குழுவிலும் பெரியவரை மறுபடி சேர்க்க வேண்டியிராது.