தாத்தா தோளில் மட்டும் அழுத குழந்தை

பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள் அப்பாவும் அம்மாவும் தென்காசியிலிருந்து வந்தார்கள். சிக்கலும் அன்றே தொடங்கியது. எட்டு மாத மகள் அப்பா மடியில் உட்கார்ந்தால் சிரிப்பாள். தோளில் சாய்த்த நொடியில் வீறிடுவாள். ஆறு நாள் இதே கதை.

வேற்றுமுகம் என்று நினைத்தோம். ஆனால் மடியில் சிரிக்கிறாளே? மூக்குப்பொடி வாடையோ என்று சட்டையை மாற்றினார். வேர்க்குரு உரசாமல் துண்டு போட்டோம். அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். கடைசியில் மீசையும் போயிற்று. (அந்தக் கோபம் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை.)

விடை சொன்னவன் நான்கு வயது மகன்: “தாத்தா காதில் விசில் அடிக்கிறது.”

காது கேட்கும் கருவிக்கு மிக அருகில் தலையோ கையோ வந்தால், கசியும் ஒலி திரும்பவும் அதன் மைக்கிற்குள் புகுந்து கீச்சிடும். அந்த உச்ச சுருதி அப்பாவுக்கே கேட்கவில்லை. கருவி இருப்பது வலக்காதில் மட்டும். அவர் குழந்தையைச் சாய்ப்பதும் வலத்தோளில்தான்.

இடத்தோளுக்கு மாற்றியதும் அழுகை நின்றது. பிறகு செவிப் பரிசோதனை நிலையத்தில் காதுக்குறும்பியை எடுத்து, கருவியின் தளர்ந்திருந்த சிலிக்கோன் முனைக்குப் பதிலாக ஓர் அளவு பெரியதைப் பொருத்தினார்கள். இப்போது வலத்தோளிலும் தூங்குகிறாள்.