கிழமை மாத்திரை தின மாத்திரை ஆனால்: முடக்குவாத சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முடக்குவாதத்துக்கு (மூட்டுகள் வீங்கி வலிக்கும் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) வாதநோய் மருத்துவர் பெரும்பாலும் முதலில் எழுதுவது மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. இதைத் தினமும் போட்டுவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் கிடந்தால் பழக்கதோஷத்தில் கை இதையும் எடுத்துவிடும். சில நாள் இப்படிப் போனாலே எலும்பு மஜ்ஜையில் ரத்த அணு உற்பத்தி படுத்துவிடும். வாய்ப்புண், காய்ச்சல் என்று தொடங்கி உயிருக்கே உலை வைக்கும்.

சீட்டில் கிழமையை எழுதித் தரச் சொல்லுங்கள். மில்லிகிராமையும் பாருங்கள்: 15 மி.கி. என்றால் 2.5 மி.கி. மாத்திரையில் 6; 7.5 மி.கி. மாத்திரையில் 2 தான். அட்டை மாறினால் எண்ணிக்கையும் மாறும். கூடவே தரும் ஃபோலிக் அமிலத்தை வேறொரு கிழமையில் போடுவது வழக்கம்.

இரண்டு வாரம் போட்டுவிட்டு 'கேட்கவில்லை' என்று நிறுத்துவது அடுத்த தவறு. இந்த மருந்து வேலை காட்ட 6 முதல் 12 வாரம் ஆகும். அதுவரை சமாளிக்கத்தான் சிலருக்கு ஸ்டீராய்டு. அது சட்டென்று வலியைக் குறைப்பதால், பலர் அதை வைத்துக்கொண்டு மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிடுகிறார்கள். தலைகீழ்! ஸ்டீராய்டைப் பல வாரம் எடுத்தபின் திடீரென நிறுத்தவும் கூடாது. உடலில் இயற்கையாக ஸ்டீராய்டு சுரப்பது அட்ரினல் சுரப்பி; மாத்திரை வந்ததும் சும்மா இருந்து பழகிய அது உடனே விழிக்காது. ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆர்.ஏ. ஃபேக்டர் என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றதும் முடக்குவாதம் என்று முடிவுகட்டாதீர்கள். நோயே இல்லாதவர்களுக்கும் அது வரும். நோய் இருப்பவர்களுக்கு நெகட்டிவாகவும் வரும். மருத்துவருக்கு அதைவிட உதவுவது, காலையில் விரல்கள் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்ற விவரம். 10 நிமிடத்தில் சரியாகிறதா, ஒரு மணி நேரம் இழுக்கிறதா? வீக்கம் வரும்போது கையைப் போட்டோ எடுத்து வையுங்கள். காட்டப் போகும் நாளில் பார்த்து வீக்கம் வடிந்திருக்கும்.

வலி இல்லையென்று, மெத்தோட்ரெக்சேட் போடும்போது அவ்வப்போது எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த மருந்தால் வரக்கூடிய கல்லீரல் பாதிப்பு ஆரம்பத்தில் வலிக்காது.

குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். சிறுநீர்த் தொற்றுக்கு வேறு மருத்துவரிடம் போனாலும் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். அந்தத் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாட்டிக் இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியலாம்.