மறதி நோய்: உடற்பயிற்சியையும் மூளைத் தூண்டலையும் சேர்த்துச் செய்வது எப்படி

வீட்டில் மறதி நோய் (டிமென்ஷியா) உள்ளவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பலருக்கும் இப்போது இந்தச் சந்தேகம் வருகிறது: தலையில் கருவி வைத்து மூளையைத் தூண்டுகிறார்களாமே, அதை உடற்பயிற்சியோடு சேர்த்துச் செய்யலாமா? செய்யலாம். ஆனால் உடற்பயிற்சி முதலில் பழக்கமாக வேண்டும், தூண்டல் அதற்குத் துணையாகத்தான் வர வேண்டும். என் அம்மாவை ஐந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன் என்ற முறையில் இதை அழுத்தியே சொல்கிறேன்.

இதில் இரண்டு வகைதான் முக்கியம். ஒன்று டிடிசிஎஸ் (tDCS). ஈரப் பஞ்சு வைத்த இரண்டு மின்முனைகளைத் தலையில் பொருத்தி, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டத்தை 20, 30 நிமிடம் செலுத்துவது. இன்னொன்று டிஎம்எஸ் (TMS). இதில் மின்முனை கிடையாது, காந்தச் சுருளைத் தலைக்குப் பக்கத்தில் பிடித்து வெளியிலிருந்தே நரம்பணுக்களைத் தூண்டுவார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு செய்து காட்டியது இது, மனச்சோர்வுக்கு 2008இல் அமெரிக்காவில் அனுமதியும் கிடைத்தது. அந்த அனுமதி மறதி நோய்க்கானது இல்லை. மறதி நோய்க்கு இரண்டுமே ஆய்வு நிலையில்தான் இருக்கின்றன, அதனால் "குணமாக்கிவிடும்" என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எதற்காகச் சேர்க்க வேண்டும்? டிடிசிஎஸ் மின்னோட்டம் நரம்பணுவைத் தானாக இயக்குகிற அளவுக்கு வலுவானது இல்லை. நரம்பணு இயங்கத் தேவையான தூண்டுதலின் அளவைக் கொஞ்சம் குறைத்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் மூளையின் அந்தப் பகுதிக்கு ஏதாவது வேலை இருந்தால்தான் பலன் தங்கும். உடற்பயிற்சி அந்த வேலையைக் கொடுக்கிறது, மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, நரம்பணுக்களின் இணைப்பு வளர உதவும் பிடிஎன்எஃப் என்ற புரதத்தையும் கூட்டுகிறது. 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மறதி நோய் இல்லாத 120 முதியவர்களில் ஒரு வருடம் நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. ஆனால் மறதி நோய் வந்தபிறகு கதை வேறு. 494 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் உடல் வலு கூடியது, மறதி கூடுகிற வேகம் குறையவில்லை. உடற்பயிற்சி மட்டும் போதவில்லை என்றால் தூண்டலையும் சேர்த்துப் பார்ப்போமே என்ற எண்ணம் வருவது இதனால்தான். நினைவு திரும்பிவிடும் என்று காத்திருக்காதீர்கள். விழாமல் நடப்பது, ராத்திரி தூங்குவது, தானே எழுந்து உட்காருவது இவையெல்லாம்கூடப் பெரிய வெற்றிதான்.

முதல் வேலை நரம்பியல் மருத்துவரிடம் போவது. வலிப்பு வந்ததுண்டா, தலைக்குள் கிளிப் அல்லது வேறு உலோகம் இருக்கிறதா, காதுக்குள் கருவி பொருத்தியிருக்கிறதா, பேஸ்மேக்கர் உண்டா, தலையில் அறுவை சிகிச்சை நடந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையெல்லாம் வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். அங்கே போய் யோசித்தால் ஒன்று விட்டுப்போகும். இதில் எதுவும் இருந்தால் தூண்டல் வேண்டாம் என்றே சொல்லக்கூடும், குறிப்பாக டிஎம்எஸ். அப்படிச் சொன்னால் வருத்தப்பட வேண்டாம், உடற்பயிற்சியைத் தொடருங்கள். இதயத்தைப் பற்றியும் மூட்டுகளைப் பற்றியும் அதே நேரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆறு, எட்டு வாரம் உடற்பயிற்சி மட்டும். முதியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, அதோடு வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. அங்கே போய்ச் சேர நாளாகும், 10 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம். அப்புறம் நாற்காலிப் பயிற்சி. கை வைத்த, நகராத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழுந்து உட்கார வைக்க வேண்டும். "பத்து தடவை எழுந்திருங்கள்" என்றால் அம்மாவுக்குப் புரியவே புரியாது. நான் எதிரில் நின்று, பாதத்தைப் பின்னால் இழுக்கச் சொல்லி, அவர் அதைச் செய்ததும் "முன்னால் குனிங்க" என்று சொல்லி, கடைசியாக என் இரண்டு கையையும் நீட்டுவேன், அவரே பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரு நேரத்தில் ஒரு சொல், அதுவும் செய்து காட்டியபடி. பல பேருக்குச் சாயங்காலம் பதற்றம் கூடும், அதனால் காலை நேரம் நல்லது.

பிறகுதான் தூண்டல். மருத்துவமனையிலோ ஆய்வு மையத்திலோ, பயிற்சி பெற்றவர் செய்யட்டும். பெரும்பாலும் வாரம் ஐந்து நாள் வீதம் சில வாரம் என்று வைப்பார்கள். தூண்டலுக்குப் பின் உடனே பயிற்சியா, இல்லை நகராத சைக்கிளில் மிதிக்கும்போதே தூண்டலா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும், இரண்டும் ஆய்வுகளில் செய்யப்படுகின்றன. உடற்பயிற்சியை வேறு இடத்தில் செய்வதாக இருந்தால், தூண்டலுக்கும் பயிற்சிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விழலாம் என்று கேட்டுவிடுங்கள். டிடிசிஎஸ் என்றால், தொடங்கும்போது பஞ்சு உப்புநீரில் நன்றாக நனைந்திருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். காய்ந்த பஞ்சு தோலைச் சுட்டுவிடும். முடியைப் பிரித்துத் தோலில் படும்படி வைக்க வேண்டும், பஞ்சு சொட்டி ஒழுகவும் கூடாது. முதல் அரை நிமிடத்தில் மின்னோட்டம் மெல்ல ஏறும்போது அரிப்போ குறுகுறுப்போ வரும், அது சாதாரணம். நம்மவர்களால் அதை வாயால் சொல்ல முடியாமல் போகலாம், அதனால் கை தலைக்குப் போகிறதா, முகம் சுளிக்கிறதா, எழ முயல்கிறாரா என்று பாருங்கள். அப்படிச் செய்தால் அன்றைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். விடாமல் உட்கார வைப்பது அவருக்குச் செய்கிற கொடுமை.

9 வோல்ட் பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்யச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகளை நம்பாதீர்கள். மின்முனை எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் நேர்முனை என்பதைப் பொறுத்து விளைவே மாறும்.

பலனை நினைவில் வைத்து மதிப்பிட முடியாது, ஒரு நோட்டு போடுங்கள். ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யுங்கள்: நாற்காலியில் இருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று எழுதுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், விழுந்துவிடக் கூடாது. 12 விநாடிக்கு மேல் போனால் விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள். தூக்கம், சாப்பாடு, கோபம், பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று நாளுக்கு ஒரு வரி போதும். நல்ல நாளை மட்டும் எழுதாதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம், வலிப்பு, திடீரென்று கூடிய குழப்பம் வந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

தூண்டல் முடிந்ததும் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள். மாற்றமே இல்லை என்றால் இன்னொரு சுற்றுக்குப் பணம் கட்டும் முன் ஏன் தொடர வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். மறுநாள் காலையும் அதே நேரத்துக்கு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிரில் நின்று கையை நீட்டுங்கள்.