மோர்ஸ் கேட்க ஒரு பழைய டெலிபோன் காயில்

பாலக்கோட்டில் எங்கள் மொட்டை மாடியில் ராத்திரி ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால், ஒரே சமயத்தில் நாலு பேர் மோர்ஸ் (தந்திக் குறியீடு) அடிப்பது கேட்கும். ஆளுக்கொரு சுருதி. அதில் ஒருத்தரை மட்டும் பிரித்தெடுக்கத்தான் ஆடியோ ஃபில்டர்.

இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இருந்த எஃப்எல்-8 பெட்டி இதற்குப் பேர்போனது. வழிகாட்டும் ரேடியோவின் 1020 ஹெர்ட்ஸ் ஒலியைப் பேச்சிலிருந்து பிரிக்கச் செய்தது. போருக்குப் பிறகு ஹாம்கள், அதாவது பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள், அதை மோர்ஸ் கேட்க மாட்டிக்கொண்டார்கள். எனக்கு 1020 கீச்சென்று இருக்கும். 700 பக்கம்தான் இதம். அதனால் நானே ஒன்று செய்தேன்.

வேண்டியது ஒரு 88 மில்லிஹென்றி லோடிங் காயில். தொலைதூர டெலிபோன் கேபிளில் குரல் மங்காமலிருக்க இடையிடையே கோத்தது. கேபிள் ஜாயிண்ட் போட்டே வயதானவன் நான். பழைய இரும்புக் கடையில் பார்த்ததும் விடவில்லை. உளுந்து வடை மாதிரி இருக்கும். அதில் இரண்டு சுற்று, நாலு முனை. ஒரு சுற்றின் கடைசி முனையை அடுத்ததின் முதல் முனையோடு சேர்த்துப் பற்றவையுங்கள். மாற்றிச் சேர்த்தால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காயில் வெறும் கம்பியாகிவிடும். நான் அப்படித்தான் ஒரு ராத்திரி முழுக்கக் கண்டென்சரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கண்டென்சர் பாலியஸ்டர் வகை: 474 என்று எழுதியது ஒன்று, 104 ஒன்று, பக்கவாட்டில் இணைத்து. மொத்தம் 0.57 மைக்ரோபாரட், சுருதி சுமார் 710 ஹெர்ட்ஸ். காயில், கண்டென்சர், ஹெட்போன் மூன்றும் வரிசையாக. ஃபில்டரைத் தாண்டிப் போக ஒரு சுவிட்ச் கட்டாயம் வையுங்கள்.

ஹெட்போன், காயில் எல்லாம் சேர்ந்து தடை 50 ஓம் என்றால், சுமார் 90 ஹெர்ட்ஸ் அகலம்தான் உள்ளே விடும். குறுக்கினால் நல்லதுதானே என்று தோன்றும். ரொம்பக் குறுக்கினால் டிட்டுக்கும் (மோர்ஸின் குட்டை ஒலி) டாவுக்கும் (நெட்டை ஒலி) வால் முளைத்து, வேகமாக அடிப்பவர் கோயில் மணி அடிப்பதுபோல் கேட்பார். வரிசையில் ஒரு 47 ஓம் சேருங்கள், அகலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். சத்தம் குறையும், வால்யூமைக் கூட்டினால் சரி.

முதலில் ஃபில்டர் இல்லாமல் ஆளைத் தேடுங்கள். அகப்பட்டதும் சுவிட்சைப் போட்டு, டயலை மயிரிழை நகர்த்தினால் ஒரு இடத்தில் குரல் உப்பி எழும், மற்றவர்கள் பின்வாங்குவார்கள். பக்கத்துத் தோட்டத்து போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் மட்டும் அடங்காது. 'டக்' என்றிருந்தது 'டிங்' என்று கேட்கும், அவ்வளவுதான்.