வரப்புச் சண்டையில் நடுவே போகிறவருக்கு

30 வருடம் தபால் கொடுத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு, இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேர்ந்தேன். பங்காளிகள் வரப்புக்காக முட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிடுவார்கள்.

முதலில் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாகப் போங்கள். ஆரம்பத்தில் ஒரு அண்ணன் தம்பியை டீக்கடை பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டேன். இருவரும் டீ குடிக்க வந்தவர்களைப் பார்த்துத்தான் பேசினார்கள்! பிறகு திண்ணையில் தனியாகக் கேட்டால் விஷயமே வேறு. தம்பி சண்டை போட்டது 2 அடி வரப்புக்கு; வேண்டியதோ பின்வயலுக்கு அறுவடை மெஷின் போக வழி. அண்ணனிடம் போய்க் கேட்க ரோஷம் விடவில்லை.

அடுத்து காகிதம். பட்டா, புலப்படம் (வயலின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) இரண்டையும் ஆன்லைனிலேயே எடுக்கலாம். சர்வே எண், உட்பிரிவை இருவர் பத்திரத்தோடும் ஒத்துப் பாருங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் கட்டணம் கட்டி சர்வேயரை வரவழையுங்கள். அளக்கும்போது இருவரும் நிற்க வேண்டும். ஒருவர் இல்லாமல் நட்ட கல் ராத்திரியே காணாமல் போகும். இவர்கள் விஷயத்தில் வரப்பு அண்ணனுடையது என்று வந்தது.

யாரை வைத்துப் பேசுவது? இருவரிடமும் மூன்று பெயர் கேட்பேன். இரண்டு பக்கமும் வந்த ஒரே பெயர் அவர்களுடைய அத்தை. வார்டு மெம்பருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்தோம். கோயில் மண்டபம் என்றால் அது யார் கோயில் என்று இன்னொரு பேச்சு வரும்.

அபராதம், ஊர்விலக்கு பக்கமே போகாதீர்கள். கட்டப்பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெட்டுக்குத்து, சாதி வன்கொடுமை, பெண்ணை அடித்த விவகாரம் என்றால் சமரசம் பேச உட்காராதீர்கள்.

பேசி முடித்ததும் கோர்ட் வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். வழக்கே போடாமல், சமரசமாக முடித்துவைக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) போகலாம், கட்டணம் கிடையாது. அங்கே பதிவாகும் உடன்பாடு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை. அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் சட்ட உதவி எண் 15100க்கு போன் போடுங்கள்.

மேல்முறையீடு இல்லாததால் வாசகம் முக்கியம். 'வழி விடுவார்' என்று மொட்டையாக எழுதக் கூடாது. நாங்கள் 12 அடி அகலம், அண்ணன் வயல் அறுத்த பிறகு, வரப்பு உடைந்தால் தம்பி கட்டித்தர வேண்டும் என்று எழுதினோம். அந்தக் கடைசி வரி அத்தை சொன்னது.