கடல் காத்து அடிக்கிற ஊர்ல லேப்டாப் வாங்குறவங்களுக்கு

எங்க வீடு கடலூர் தேவனாம்பட்டினம், ராத்திரி அலை சத்தம் கேக்குற தூரம். ஜன்னல் கம்பியே துரு ஏறி பொரிஞ்சு கொட்டுது, லேப்டாப் எம்மாத்திரம். 58,000 குடுத்து வாங்குனது, வாரன்டி முடிஞ்ச ரெண்டாவது மாசம் இடது பக்க ஹிஞ்ச் (மூடியையும் கீழ்ப் பாடியையும் சேக்குற கீல்) படக்குன்னு விட்டுருச்சு, உள்ள இருந்த ஐ7 ப்ராசசர் என்னமோ அப்பவும் ஜம்முனு தான் ஓடிட்டு இருந்துச்சு.

அதனால கடைக்குப் போனா ஸ்பெக் அட்டைய அப்புறம் படிங்க, முதல்ல மூடியத் தொறந்து பாருங்க. ஒரு ஓரத்த மட்டும் புடிச்சு மெதுவா தூக்குங்க, மூடி முறுக்கிட்டு வந்தா வேணாம். விலை கம்மி மாடல் நிறையத்துல ஹிஞ்ச் ஸ்க்ரூ போய் மாட்றது பிளாஸ்டிக்ல பதிச்ச குட்டி பித்தளை நட்டுல, ஹிஞ்ச் இறுகிப் போச்சுன்னா நீங்க தொறக்குற ஒவ்வொரு தடவையும் அந்த நட்ட பிச்சு இழுக்குது. கிரீச்னு சத்தமோ ஓரத்துல லேசா பிளவோ தெரிஞ்ச அன்னைக்கே கடையில குடுத்து ஹிஞ்ச லூஸ் பண்ணிருங்க, சின்ன வேலை. நான் "அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டேன், மேல் மூடி மொத்தமா மாத்த வேண்டியதாச்சு. தொறக்கும்போது நடுவுல புடிச்சு தொறங்க, பசங்களுக்கும் சொல்லி வைங்க.

சரி, காசு கூட போட்டா உழைக்குமா? எதுக்குப் போடுறீங்கன்னு இருக்கு. அதே பாடில ஐ5க்கு பதில் ஐ7 போட்டா வேகம் தான் கூடும், பாடி அதே பாடி தான். லெனோவோ திங்க்பேட் டி சீரிஸ், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் மாதிரி ஆபீஸ் மாடல்ல தான் காசு ஹிஞ்சுக்கும் கீபோர்டுக்கும் போகுது. புதுசு கட்டுப்படியாகலன்னா கம்பெனில இருந்து திரும்பி வந்த செகண்ட் ஹேண்ட் பாருங்க, ஆனா இன்டெல்னா 8வது ஜெனரேஷனுக்குக் கீழ வேணாம், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர்லயே முடிஞ்சிருச்சு.

"மிலிட்டரி கிரேடு" ஸ்டிக்கர பாத்து மயங்காதீங்க. அது சொல்றது மில்-எஸ்டிடி-810ங்கிற அமெரிக்க ராணுவ டெஸ்ட் முறைய, அதுல நிறைய டெஸ்ட் இருக்கு, எத எத பண்றதுன்னு கம்பெனியே எடுத்துக்கலாம். நமக்கு வேண்டியது அதுல உப்புப் பனி டெஸ்ட், சால்ட் ஃபாக்னு போட்டுருப்பாங்க, அது பண்ணிருக்கான்னு கேளுங்க, கடைக்காரர் முழிப்பாரு, பரவால்ல, வெப்சைட்ல தேடிக்கலாம்.

டாக்ஸ் கம்மின்னு இன்னும் பாண்டிக்கு பஸ் ஏறுறவங்க இருக்காங்க, 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததோட அந்தக் கதை முடிஞ்சுது, லேப்டாப்புக்கு ரெண்டு ஊர்லயும் 18 சதவீதம் தான். மிச்சம் புடிக்கணும்னா வாரன்டிய 3 வருஷமா எடுங்க, வீட்டுக்கே ஆள் வர்ற ஆன்சைட்டா, நம்ம பின்கோடுக்கு வருவாங்களான்னு பில் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.

வாங்குனப்புறம் ஜன்னலோரம் வைக்காதீங்க. சார்ஜர்லயே போட்டு வேலை பாக்குறவங்க பேட்டரி சார்ஜ 80 சதவீதத்துலயே நிறுத்துற செட்டிங்க ஆன் பண்ணுங்க. மழைக்காலத்துல பைல போட்டு பீரோல பூட்டாம தினம் கொஞ்ச நேரம் ஓட்டுங்க, அந்தச் சூட்டுல ஈரம் போயிரும், பீரோல தூங்குன என் பழைய லேப்டாப்போட யூஎஸ்பி ஓட்டைல பச்சையா பூத்துக் கெடந்துச்சு.